இறங்கும் ஏலம்

மூன்றாம் நம்பர் தட்டு. பத்துச் சுற்று.
நாலாயிரத்து இருநூறு.
எழுதிக்கொள்கிறேன்.
இருபது சுற்று, இரண்டாயிரத்து அறுநூறு.
ஐம்பதில் ஆயிரத்து முந்நூற்று அறுபது.
நூறில் வெறும் எண்ணூற்று நாற்பது.

கப்பலூரில் ஆலைச் சன்னலோரம்
புளியங்கொட்டை மாவு காய்ச்சிய பசைக்குள்
எஃகுத் தட்டு சுழல்கிறது.
வேகம் ஏற ஏறப் பாகுத்தன்மை இறங்குகிறது.
பதினாலு வருஷமாய் இந்த இறக்கத்தை எழுதித்தான் சம்பளம்.
சேலையில் அச்சடிக்கிற சூரத்துக்காரன்
முதலில் கேட்பது இந்த நாலு எண்களை:
ரப்பர் கட்டை இழுக்கையில் பசை இளகிச்
சல்லடைக் கண்ணைத் தாண்டவேண்டும்,
துணியில் விழுந்ததும் விழுந்த இடத்தில் நிற்கவேண்டும்,
பூவின் சிவப்பு இலையின் பச்சைக்குள் போகாமல்.

உள்ளே இருப்பவை நீள நீளமான சர்க்கரைச் சங்கிலிகள்.
மாட்டுத்தாவணியில் கடைசிப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம்போல
பையும் கையும் பின்னிக்கொண்டு நிற்கும்.
பஸ் வந்து, ஓர் இழுப்பு இழுத்தால்
எல்லாம் ஒரே பக்கம் திரும்பும், வழிவிடும்.
இழுப்பு நின்றதும்
மறுபடி யார் பை யார் கையிலோ.

மாசி மாதம், விடியற்காலை,
தக்காளிப் பெட்டி முந்நூற்றுப் பத்து என்று கூவியவர்
முந்நூற்று இருபது என்று கூவவில்லை.
பெட்டிகள்மேல் சரிந்துவிட்டார் என்றார்கள்.
மார்க்கெட் முழுக்கக் கேட்ட குரல், உக்கிரபாண்டி குரல்.
கால் தேறிவிட்டது. கை பாதி.
தண்ணீர்தான் எதிரியாகிவிட்டது.
மூடி மூடித் திறக்கும் தொண்டைக் கதவுக்கு
இப்போது அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை.
தண்ணீரோ ஓடுகிற ஜாதி,
கதவு சாத்துவதற்குள் மூச்சுக்குழாயில் நுழைந்துவிடும்.

பெரியாஸ்பத்திரியில் ஷமீமா மேடம்
ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தார்.
ஒரு தம்ளருக்கு ஒரு கரண்டி, தூவித் தூவிக் கலக்குங்கள்,
மொத்தமாய்க் கொட்டினால் கட்டி தட்டும் என்றார்.
தெரியும் மேடம் என்றேன்.
நாக்கில் நிற்கும்போது கனமாய் இருக்கும்,
விழுங்கும் வேகத்தில் இளகி இறங்கும் என்றார்.
அதுவும் தெரியும் மேடம் என்றேன்.
அதற்குமேல் பேச முடியாமல் வராந்தாவில் போய் நின்றேன்.
இத்தனை வருஷம் எந்தச் சேலைக்காக அளந்தேனோ.

கலக்கின தண்ணீரைப் பார்த்து
இது தண்ணியா, சளியா என்கிறார்.
ஜிகர்தண்டா வாங்கிட்டு வா என்கிறார்.
கூடாது, ஐஸ்கிரீம் வாயிலேயே உருகித்
தண்ணியாய்ப் போய்விடும் என்கிறேன்.
உருகுறதுக்குத்தானே அது என்கிறார்.
என்ன பதில் சொல்ல?

ஒவ்வொரு கரண்டிக்கும் பிறகு
'ஆ' சொல்லச் சொல்லணும்.
குரலில் ஈரம் கேட்டால் உடனே நிறுத்தணும்.
நீருக்கடியிலிருந்து பேசுகிற மாதிரி
ஒரு கொழகொழப்பு,
வைகாசியில் இரண்டு ராத்திரி அதைக் கேட்டு
மேலமடையிலிருந்து ஆட்டோவில் பறந்திருக்கிறேன்.

நேற்று தம்ளரில் பொடியைத் தூவிவிட்டு
அது ஊறும் வரை பேச ஒன்றும் இல்லாமல்
அன்றைய எண்களைச் சொன்னேன்,
நாலாயிரத்து இருநூறு, இரண்டாயிரத்து அறுநூறு.
கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர்
ஆயிரத்து முந்நூற்று அறுபதில் புருவம் நெரித்தார்.
எண்ணூற்று நாற்பதில் நல்ல கையால் கட்டிலைத் தட்டினார்.
கரண்டியைச் சாய்த்துப் பார்த்தேன்.
சொட்டவில்லை, மெல்ல வழுகியது. சரிதான்.
ஊட்டினேன்.
குரல்வளை ஏறி இறங்கியது.
ஆ சொல்லுங்க என்றேன்.

"கூறுகெட்டவளே, ஏலத்துல
யாராச்சும் கீழ போவாங்களா?
நாலாயிரத்துக்குக் குறைச்சுக் குடுக்காதே."

ரெண்டு வரி, முழுசாக.
அதில் என்ன சொன்னார் என்பதே
அப்புறம்தான் எனக்கு உறைத்தது.
நான் கேட்டுக்கொண்டிருந்தது குரலை.
காய்ந்திருந்தது,
சித்திரைமாத வைகைபோல.
அடுத்த கரண்டியை எடுத்தேன்.